இரண்டரை அங்குலம்

"வரலைன்னா வரலை."

"கஸ்தூரி, தீபன் வந்து கேட் பக்கத்துல நிக்கிறான்."

"நிக்கட்டும். அவனுக்கு ரெண்டு காலு இருக்குல்ல."

கனகராஜ் படுக்கையறை வாசலிலேயே நின்றார். கட்டில் ஓரத்தில் கஸ்தூரி கிளம்பத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தாள், பொட்டு வைத்திருந்தாள், போர்வையும் சாக்லேட் நிறக் கம்பளிச் சட்டையும் திணித்த பை மடியில் இருந்தது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே பாவாடை மட்டும் தொங்கியது. சர்க்கரை அந்தக் காலை எடுத்துக்கொண்டு பத்து மாதம் ஆகிறது. சிறுநீரகத்தை அதற்கு முந்தின வருடமே எடுத்துக்கொண்டுவிட்டது. செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் சிம்பாங் ரெங்கத்திலிருந்து குளுவாங்குக்குப் போய் ரத்தம் கழுவிக்கொண்டு வர வேண்டும்.

போன சனிக்கிழமை தலைவலி என்று போகவில்லை. இன்று செவ்வாய்.

"நர்ஸ் மிஸி போன்ல என்னா சொன்னாங்க? ரெண்டு தடவ விட்டா தண்ணி நெஞ்சுல ஏறிடும்னு சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க."

"அப்புறம்?"

"ஏறட்டும். அதையாச்சும் யாரும் தூக்கி வுட வேணாம். அதுவா ஏறும்."

இதுதான் விஷயம். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவள் தானே மாறிக்கொள்வாள். ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, இடது காலில் எழுந்து, ஒரு திருப்பு, அவ்வளவுதான். காரில்தான் முடியவில்லை. ஏழு பேர் உட்காரும் உயரமான வண்டி. கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றால், குள்ளமான அவளுடைய பின்பக்கம் இருக்கையின் விளிம்புக்குக் கீழேயே நின்றுவிடும். பிளாஸ்டிக் முக்காலி போட்டுப் பார்த்தார்கள். முக்காலி வழுக்கி, அவள் போர்ச்சில் விழுந்து, வெட்டின இடத்துத் தையல் பிரிந்து, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதன் பிறகு கனகராஜ் தூக்கினார். அவருக்குக் குடலிறக்கம் வந்து அறுவை செய்த பிறகு, ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது தூக்குவது பக்கத்து வீட்டு தீபன். செனாய் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் முன் வந்து தூக்கி வைத்துவிட்டுப் போவான். நல்ல பையன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் தூக்குவான். அவளுக்கு அதுதான் இன்னும் தாங்கவில்லை.

"அவன் சட்டையில என் வாடை ஒட்டுதுங்க. வேலைக்குப் போற புள்ள. போன தடவ அவன் மோந்து பாத்தான். நான் பாத்தேன்."

"நீயா நெனச்சுக்கிற."

"இருபத்திரெண்டு வருசம் பேக்டரியில நாப்பது பேர லைன்ல நிக்க வெச்சு வேல வாங்கினவ. இப்ப அரிசி மூட்ட மாதிரி ஒருத்தன் கையில தொங்குறேன். போங்க, போய் அவன வேலைக்குப் போவ சொல்லுங்க."

வாசலிலிருந்து தீபன் குரல் வந்தது. "அங்கிள், ஆண்ட்டி ரெடியா? நேரமாச்சு லா."

கனகராஜ் வெளியே போய், "இன்னிக்கு ஆண்ட்டிக்கு ஒடம்பு சரியில்ல தம்பி" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. உடம்பு சரியில்லாதவளை உடம்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் நிறுத்துகிறோமே என்று.

அன்று மத்தியானம் அவர் அளவு நாடாவை எடுத்தார். மரச்சாமான் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்ப்பவர், அளக்காமல் எதையும் நம்ப மாட்டார். கட்டில் மெத்தை தரையிலிருந்து இருபத்து நான்கு அங்குலம். கார் இருக்கை இருபத்தாறரை.

"என்னாங்க பண்றீங்க, சவப்பெட்டிக்கு அளவா?" என்றாள் கஸ்தூரி.

"வாய மூடு. ரெண்டர இஞ்சி. ரெண்டர இஞ்சிதான் கஸ்தூரி உனக்கும் வண்டிக்கும் நடுவுல."

"தீபனோட சாகா காருல போலாமே, அது தாழ்வுதான?"

"போன மாசம் போய் பாத்தமே. கெணத்துல எறங்குன மாதிரி எறங்குன. வெளிய எடுக்க ரெண்டு பேரு வேண்டியிருந்துச்சு."

"ஆமா. ஒண்ணு மரத்துல ஏத்துறீங்க, ஒண்ணு கெணத்துல எறக்குறீங்க."

"அதான் இந்த வண்டியவே எறக்கப் போறேன்."

*

ஜுனைத்தின் ஒர்க்‌ஷாப் குளுவாங் ரோட்டில் இருந்தது. பக்கத்திலேயே அவனுடைய அத்தாவின் சாப்பாட்டுக் கடை. ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் எல்லாம் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள். தரையை உரசுகிற மாதிரி இறக்கிய வண்டிகளின் மேல் சாய்ந்துகொண்டு ஐஸ் போட்ட மைலோ குடித்துக்கொண்டிருந்தார்கள். கனகராஜ் நரைத்த தலையோடு உள்ளே போய், "தம்பி, காடிய எறக்கணும். ஸ்பிரிங் மாத்தணும்" என்றதும் ஒருவன் குவளையிலேயே சிரித்துவிட்டான்.

"அலமாக் அங்கிள்! சிங்கப்பூர் காடியோட ரேஸ் வுடப் போறீங்களா?"

"ஆமா. மாமி பின்னாடி உக்காந்து கொடி காட்டுவாங்க."

ஜுனைத் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். "அவனுங்கள வுடுங்க அங்கிள். இது ஏழு பேரு போற வண்டி. உசரமா இருக்கணும்னுதான வாங்கினீங்க? இத எறக்குறதுக்கு வேற வண்டி வாங்கிக்கலாமே."

"லோன் இன்னும் அஞ்சு வருசம் கெடக்கு தம்பி."

"தினமும் ஓட்டுறதா?"

"தினமும். காலையில வேலைக்கு. வாரம் மூணு நாளு என் சம்சாரத்த ரத்தம் கழுவ கூட்டிட்டுப் போவணும். அவளுக்கு ஒரு காலு இல்ல. சீட்டு ரெண்டர இஞ்சி உசரம்."

மைலோக்காரர்களில் ஒருவன் சாய்ந்திருந்த வண்டியை விட்டு நிமிர்ந்து நின்றுகொண்டான்.

ஜுனைத் கேட்டான். "ஆண்ட்டிய கூட்டிட்டு வர முடியுமா அங்கிள்? நாடாவுல அளந்தா மட்டும் எனக்குப் போதாது. அவங்கள உக்கார வெச்சுப் பாக்கணும்."

"அவ வர மாட்டா."

"ஸ்பிரிங் போட்டுட்டா திருப்பி எடுக்க மாட்டேன். வந்துதான் ஆகணும்னு சொல்லுங்க."

அவள் வந்தாள். கடைசித் தடவை என்று சொல்லி, தீபன் தூக்கி வைக்க, ஞாயிற்றுக்கிழமை வந்தாள். இடையில் வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் கழுவிக்கொண்டதில் முகம் உப்பியிருந்தது. ஜுனைத்தின் அத்தா கடையிலிருந்து சர்க்கரை இல்லாத தேநீர் வந்தது. அவள் உதட்டை மட்டும் நனைத்துவிட்டு வைத்துவிட்டாள். அவளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குவளைத் தண்ணீர்தான் கணக்கு.

"ஆண்ட்டி, மூணு வழி இருக்கு" என்றான் ஜுனைத். "ஒண்ணு, இருக்கிற ஸ்பிரிங்க ரெண்டு சுத்து வெட்டிடறது. செலவே இல்ல. பசங்க செய்வாங்க. நான் செய்ய மாட்டேன். வெட்டுன ஸ்பிரிங் ரோட்டுல குதிக்கும்."

"வெட்டுனா குதிக்கத்தான செய்யும் தம்பி? என்னப் பாரு, வெட்டுனதுலேருந்து குதிச்சிக்கிட்டுத்தான இருக்கேன்."

ஜுனைத் சிரிக்கலாமா வேண்டாமா என்று கனகராஜைப் பார்த்தான்.

"சிரிங்க தம்பி. அவ அப்படித்தான்."

"ரெண்டாவது, ஒண்ணேகால் இஞ்சி எறங்கும். மெதுவான ஸ்பிரிங். பாரம் ஏற ஏறத்தான் கெட்டியாகும். தினமும் ஓட்டுற வண்டிக்கு இதான் நான் போடுவேன். மூணாவது, ரெண்டர இஞ்சி. கெட்டி. ஒவ்வொரு பம்பும் முதுகுல தெரியும், ஷாக் எப்சோர்பரும் சீக்கிரம் போயிடும். ரெண்டையும் வாங்காமலே காட்டுறேன், பாருங்க."

அவன் செய்தது எளிய காரியம். மைலோக்காரர்களைக் கூப்பிட்டு வண்டியின் பின்பக்கத்திலும் ஓட்டுநர் பக்கத்திலும் மணல் மூட்டைகளை ஏற்றினான். நாடாவை இருக்கைக்கும் தரைக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, வண்டி ஒண்ணேகால் அங்குலம் அமுங்கியதும் நிறுத்தச் சொன்னான்.

"இப்ப வாங்க ஆண்ட்டி."

கஸ்தூரி சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து, கதவைப் பிடித்துத் திரும்பினாள். பின்பக்கம் இருக்கையின் விளிம்பைத் தொட்டது. தொட்டு, வழுக்கியது. கனகராஜ் ஓடி வந்து இடுப்பில் கை வைத்து லேசாகத் தள்ளினார். உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தியா! ஒரு கை குடுத்தா போதும். தூக்கவே வேணாம். இது போதும் தம்பி."

கஸ்தூரி ஜுனைத்தைப் பார்த்தாள். "மத்ததையும் காட்டு" என்றாள்.

இன்னும் மூட்டைகள் ஏறின. அவளை இறக்கி நாற்காலியில் விட்டார்கள். எழுந்தாள். திரும்பினாள். கட்டிலில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். யாரும் பக்கத்தில் இல்லை. காலை உள்ளே இழுத்து, கையை நீட்டி, கதவைத் தானே சாத்திக்கொண்டாள். டப் என்று சாத்தினாள்.

மைலோக்காரன் ஒருவன் கை தட்டினான். மற்றவனும் தட்டினான். கண்ணாடிக்குப் பின்னால் கஸ்தூரி சிரித்துக்கொண்டிருந்தாள். கால் போன பிறகு கனகராஜ் பார்க்காத சிரிப்பு.

கண்ணாடியை இறக்கி, "இதப் போடு" என்றாள்.

"ஆண்ட்டி, யோசிங்க. உங்களுக்கு வெட்டுன எடம் வலிக்கும். இது பலகையில உக்காந்து போற மாதிரி."

"வலி எனக்குப் பழக்கந்தான்."

"தண்ணி நிக்கிற ரோட்டுல போவீங்களா?"

கனகராஜ் வாயைத் திறந்தார். அவர் சொல்வதற்குள் கஸ்தூரி சொன்னாள். "வருசத்துக்கு ஒரு நாளு ரெண்டு நாளு. அன்னிக்கு சுத்திப் போயிக்கிறோம்."

"கஸ்தூரி, ஒண்ணேகால் போட்டா என்னா? ஒரு கைதான. என் கைதான."

"இன்னிக்கு உங்க கை. நீங்க படுத்துட்டா? மறுபடியும் தீபன் கை. எனக்கு யார் கையும் வேணாங்க."

"கட்டுன பொண்டாட்டிக்குக் கை குடுக்கிறதுல என்னா இருக்கு?"

"குடுக்கிறவருக்கு ஒண்ணுமில்ல" என்றாள் அவள். "ரெண்டர போடு தம்பி."

ஜுனைத் கனகராஜைப் பார்த்தான். கனகராஜ் தலையை ஆட்டினார். அந்தச் சிரிப்பைப் பார்த்த மனிதர் வேறு எப்படி ஆட்டியிருப்பார்?

*

அதன் பிறகு ஐந்து மாதம் அவள் ஒரு நாள் கூட விடவில்லை.

வண்டி பலகைதான். குடியிருப்புத் தாமானின் நுழைவாயில் பம்பில் ஒவ்வொரு முறையும் வண்டியின் அடிவயிறு உரசியது. கஸ்தூரி பல்லைக் கடித்துக்கொண்டு "இன்னும் மெதுவா" என்பாள். கனகராஜ் "இதுக்கு மேல மெதுவாப் போனா பின்னாடி போயிடும்" என்பார். டயாலிசிஸ் நிலையத்து வாசலில் மற்றவர்களைத் தூக்கி இறக்கும்போது, அவள் தானே கதவைத் திறந்து, தானே நாற்காலிக்கு மாறி, "என்னா மிஸி, பசியாறியாச்சா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போவாள். தீபாவளிக்குத் தீபனுக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தாள். "இதுல என் வாடை இருக்காது, போட்டுக்க" என்றாள். அவன், "ஆண்ட்டி, நான் எப்ப ஆண்ட்டி சொன்னேன்" என்று கண் கலங்கிப்போனான்.

டிசம்பர் இரண்டாவது வாரம் மழை பிடித்தது. திங்கள், செவ்வாய், புதன், விடவேயில்லை. செவ்வாய்க்கிழமை எப்படியோ போய் வந்தார்கள். வியாழக்கிழமை காலையில் கனகராஜ் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆயர் ஹீத்தாம் வழியா சுத்துற ரோட்ட மூடிட்டாங்களாம். குருப்புல போட்டிருக்காங்க."

"உள் ரோடு?"

"தொறந்துதான் இருக்கு. பாலத்துகிட்ட தண்ணியாம்."

"போய்ப் பாப்போம். இல்லைன்னா திரும்பிடுவோம்."

"நாளைக்குக் கேட்டுப் பாக்கலாமா? வெள்ளிக்கிழம எடம் இருக்கான்னு?"

"நாளைக்கு மட்டும் மழ நிக்குமா? கால் வீங்கியிருக்குங்க. இருக்கிற ஒரு காலு."

உள் ரோடு பாமாயில் தோட்டத்து வழியாகப் போகும். நடுவில் ஒரு தாழ்ந்த பாலம். பாலத்து ஓரத்தில் தண்ணீர் மட்டம் பார்க்கச் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒரு கம்பம். அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் தங்கள் வண்டிக்கு ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். மோட்டார்சைக்கிளுக்கு ஐந்து சிவப்பு. சின்னக் காருக்கு நான்கு. கனகராஜின் வண்டிக்கு மூன்று. மூன்று சிவப்புக் கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் போகலாம். நான்கு வருடத்துக்கு முந்தின வெள்ளத்தில் பழைய கார் மூழ்கிய பிறகு, "இனிமே உசரமான வண்டிதான்" என்று கஸ்தூரிதான் பிடிவாதம் பிடித்து இதை வாங்க வைத்தாள். வாங்கின வருடமே வெள்ளத்தில் மூன்று கோடு தெரிய இந்தப் பாலத்தைத் தாண்டினார்கள். அதிலிருந்து அது அவர்கள் வீட்டுச் சட்டம்.

கனகராஜ் வண்டியை நிறுத்தி, குடையோடு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"எத்தன?"

"மூணு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"மூணு தெரியுது. மூணாவது நனையவே இல்ல."

"அப்ப போலாம்."

"போலாம்."

முன்னால் ஒரு தோட்டத்து வண்டி போய் அக்கரை ஏறியது. கனகராஜ் அது போன தடத்திலேயே இறங்கினார். பாதி தூரம் வந்ததும் தண்ணீர் இஞ்சின் முன்மூடியின் மேல் ஏறி அலையாக வந்தது. நான்கு வருடத்தில் அது முன்மூடி மேல் ஏறியதில்லை.

"ஏங்க."

"ம்."

"இவ்வளவு ஏறாதே."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் பார்த்த கோடு, இறக்குவதற்கு முந்தின உயரத்துக்கான கோடு. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். கை அவர் தொடையைப் பிடித்தது. இஞ்சினுக்குள் ஒரு முறை டக் என்றது. பிறகு மழைச் சத்தம் மட்டும்தான்.

சாவியைத் திருப்பினார். திருப்பினார்.

"திருப்பாதீங்க. செத்துப் போச்சு."

கதவு இடுக்கு வழியே தண்ணீர் வந்தது. முதலில் அவளுடைய செருப்பு மிதந்தது. அவளுக்கு ஒரு செருப்புதான்.

தோட்டத்து டிராக்டர் வருவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. பின்னால் இழுவை வண்டியில் முதல் நாள் அறுத்த பாமாயில் பழக்குலைகள் பாதி கிடந்தன. மூன்று வங்காளதேசத்துத் தொழிலாளிகள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்தார்கள். அதற்குள் உள்ளே புகுந்த தண்ணீர் அவள் மடிக்கு வந்துவிட்டது.

"கஸ்தூரி, வந்துட்டாங்க. வா."

"நான் வரல."

"பைத்தியமா ஒனக்கு?"

"நீங்க போங்க. போய் ஏதாச்சும் கொண்டாங்க. நானே ஏறிக்கிற மாதிரி ஏதாச்சும் கொண்டாங்க."

"இந்தத் தண்ணியில என்னாத்தடி கொண்டாருவேன்! உன் காலுல வுழறேன், தூக்க வுடு!"

"காலுலயா?" என்று அவள் கேட்டாள். சிரிக்கவில்லை.

ஒரு தொழிலாளி ஜன்னல் வழியே குனிந்தான். தாடி முளைக்காத முகம். "மாச்சிக், என் கழுத்தைப் பிடிங்க" என்று அத்தை முறை வைத்து மலாயில் சொன்னான். அவள் பிடிக்கவில்லை. பிடிக்காமலேயே தூக்கினார்கள். ஒருவன் தோளை, ஒருவன் இடுப்பை, ஒருவன் இருந்த காலையும் இல்லாத காலையும் சேர்த்து. பாவாடை தண்ணீரில் மேலே ஏறிக்கொண்டது. அதை இழுத்துவிட அவளுக்குக் கை வரவில்லை, கைகளை அவர்கள் பிடித்திருந்தார்கள். கனகராஜ் நீந்துகிறவர் மாதிரி பின்னாலேயே வந்து, அதை இழுத்து விட்டுக்கொண்டே வந்தார். பழக்குலைகளின் மேல் சாக்கை விரித்து அவளைப் படுக்க வைத்தார்கள். முள் குத்தியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று குளுவாங் போக முடியவில்லை. வெள்ள முகாமாக்கியிருந்த பள்ளிக்கூட மண்டபத்தில் இரவைக் கழித்தார்கள். மறுநாள் மத்தியானம் மூச்சு வாங்கத் தொடங்கி, ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தூக்கினார்கள். ஸ்கேன் எடுக்கத் தூக்கினார்கள். கட்டில் மாற்றத் தூக்கினார்கள். ஆறு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போதும் தூக்கினார்கள்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த பிறகு முதல் வார்த்தை பேசினாள்.

"இதான் கடைசி."

*

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து போர்ச்சில் விட்டிருந்தார்கள். ஜுனைத் வந்து பார்த்தான். முன்மூடியைத் திறந்து, வெகு நேரம் குனிந்து நின்றான்.

"இஞ்சின் தண்ணிய இழுத்துடுச்சு அங்கிள். உள்ள கம்பி வளைஞ்சிருக்கும். வேற இஞ்சின் தேடுறேன். ரெண்டு மாசமாவது ஆகும்."

"ரெண்டு மாசம்" என்றார் கனகராஜ்.

"நான் அன்னிக்கே சொன்னேன்னு..." ஜுனைத் நிறுத்திக்கொண்டான். "இல்ல அங்கிள். நானே ஒண்ணேகாலுதான்னு அடிச்சுச் சொல்லியிருக்கணும். நானும் அவங்க சிரிச்சதப் பாத்துட்டேன்."

அவன் போன பிறகு கனகராஜ் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்தார். இஞ்சின் காற்றிழுக்கும் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் சேற்றுக் கோடு காய்ந்து படிந்திருந்தது. குழாயின் வாயிலிருந்து மேலே அந்தக் கோடு வரை அளந்தார். ஒரு அங்குலம். மறுபடி அளந்தார். ஒரு அங்குலம்தான். நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, முன்மூடியைச் சாத்தினார்.

சனிக்கிழமை போகவில்லை. செவ்வாய் போகவில்லை. சிங்கப்பூரிலிருந்து மகள் லோஷினி போனில் அழுதாள். "அம்மா, நான் லீவ் போட்டு வரேன், நான் தூக்குறேன்." "நீ தூக்குனா முதுகு போயிடும், வேலையப் பாரு" என்று கஸ்தூரி போனை வைத்துவிட்டாள். அவளுக்கு இப்போது படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

வியாழக்கிழமை காலையில் கனகராஜ் குளித்துவிட்டு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. சக்கர நாற்காலியும் இல்லை.

"கஸ்தூரி!"

"இங்க இருக்கேன்."

போர்ச்சில், வண்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, பொட்டு வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, பெல்ட் கூடப் போட்டிருந்தாள். பக்கத்தில் நாற்காலி காலியாக நின்றது. மூச்சு இரைத்தது.

"எப்படி வந்த?"

"எப்படி வருவேன்? நானாத்தான் வந்தேன். நானாத்தான் ஏறினேன். இதுல மட்டுந்தான் நானா ஏற முடியும்."

கேட்டுக்கு வெளியே தீபன் தன் காரை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தான். தீபாவளிச் சட்டை போட்டிருந்தான். "அங்கிள், லீவ் போட்டுட்டேன். ஆண்ட்டிய என் காடியில கொண்டு போயிடுவோம். ஆண்ட்டி, நான் கண்ண மூடிக்கிட்டே தூக்குறேன் லா, சத்தியமா."

"கண்ண மூடிக்கிட்டுத் தூக்குனா ரெண்டு பேரும் லோங்கான் சாக்கடையில வுழுவோம்" என்றாள் கஸ்தூரி. அவள் வேடிக்கையாகப் பேசினாள் என்றே தீபன் நினைத்தான். சிரித்துக்கொண்டே கேட்டைத் திறக்கப் போனான்.

"தொறக்காத தம்பி" என்றாள். அந்தக் குரலில் அவன் கை நின்றுவிட்டது.

கனகராஜ் சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். இருக்கைப் பஞ்சில் இன்னும் வெள்ளத்து வாடை இருந்தது.

"கஸ்தூரி, வா. இன்னும் நேரம் இருக்கு."

"அன்னிக்கு நாடாவ வெச்சு அளந்தீங்களே."

"எப்ப?"

"ஜன்னல்லேருந்து பாத்தேன். என்னா கணக்கு வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. தண்ணி ரொம்ப ஏறியிருக்கு. எந்த ஸ்பிரிங் போட்டிருந்தாலும் நின்னிருக்கும்."

"நாப்பது வருசத்துல நீங்க ஒரு பொய்யும் ஒழுங்கா சொன்னதில்ல. எவ்வளவு?"

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க."

"கால் இஞ்சி."

"எந்தப் பக்கம்?"

அவர் ஸ்டீயரிங்கில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினார். அவள் மெல்லத் தலையை ஆட்டினாள். ஒண்ணேகால் ஸ்பிரிங்காக இருந்தால் குழாயின் வாய் தண்ணீருக்கு மேல் கால் அங்குலம் நின்றிருக்கும் என்று, நாற்பது பேருக்குக் கணக்குப் பார்த்தவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ஒரு கைதான கேட்டீங்க" என்றாள். "பொண்டாட்டிக்கு ஒரு கை."

"கோட்ட எண்ணுனது நானு. நான் பாத்திருக்கணும்."

"எத்தனன்னு கேட்டது நானு. போலாம்னு சொன்னதும் நானு."

"வா கஸ்தூரி. கேக்குறேன்ல."

"வண்டிய எடுங்க."

"எங்கடி எடுக்க?"

"எடுங்களேன்."

அவர் சாவியைத் திருப்பினார். சின்னதாக ஒரு டிக் கூட வரவில்லை. அவள் கண்ணாடி வழியே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே போர்ச் சுவரும், காயப்போட்ட அவருடைய சட்டையும்தான் இருந்தன. அவள் மூச்சு, தண்ணீருக்குள் குழாய் விட்டு ஊதுகிற மாதிரி கரகரத்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் தீபன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். டயாலிசிஸ் நிலையம். அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுத்துப் பேசுங்க. பாவம், மிஸி காத்துக்கிட்டிருப்பாங்க."

"என்னான்னு சொல்ல?"

அவள் மடியில் இருந்த பையைச் சரி செய்துகொண்டாள்.

"கெளம்பிட்டோம்னு சொல்லுங்க."